பெயர் வெட்டிய பாத்திரங்கள்

ரஸ்ட்டில் ஒரு லைப்ரரி எழுதி முடித்துவிட்டீர்கள். வேகமாக ஓடுகிறது, டெஸ்டுகள் எல்லாம் பச்சை. அடுத்த வாரமே பைத்தான் குழுவிலிருந்து ஒருவர் வந்து, "இதை நாங்களும் கூப்பிட முடியுமா?" என்பார். அவர் போனதும் ஜாவாக்காரர். அவர் பின்னாலேயே சி ஷார்ப். மூன்று பேருக்கும் மூன்று முறை எழுதித்தர முடியாது. எல்லாருக்கும் பொதுவான வாசல் ஒன்றுதான் இருக்கிறது, அது சி.

இந்த வாசல் வேலையை முதலில் சி பிளஸ் பிளஸ்ஸிலும் இப்போது ரஸ்ட்டிலுமாக இருபது வருஷத்துக்கு மேல் பார்த்துவிட்டேன். புதிதாகச் சேரும் தம்பி தங்கைகளுக்குத் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எழுதிவைக்கிறேன். எல்லாவற்றையும் ஒரு முறை படியுங்கள், நான்காவதை மட்டும் இரண்டு முறை.

1. "சி பைண்டிங் எழுது" என்றதும் சி மொழிப் புத்தகத்தைத் தேடி ஓடாதீர்கள். ஒரு வரி சி கூட எழுதாமல் இந்த வேலையை முடிக்கலாம். இங்கே சி என்பது ஓர் ஒப்பந்தத்தின் பெயர். ஃபங்ஷனைக் கூப்பிடும்போது எந்த மதிப்பு எந்த ரெஜிஸ்டரில் போகும், ஸ்ட்ரக்டின் உறுப்புகள் எந்த வரிசையில் உட்காரும், திரும்பி வரும் மதிப்பு எங்கே கிடைக்கும் என்பதெல்லாம் அந்த ஒப்பந்தத்தில் அடங்கும். 64 பிட் இன்டெல் வகைச் சிப்பில் லினக்ஸ் முதல் ஆறு முழு எண்களை ரெஜிஸ்டரில் அனுப்பும், விண்டோஸ் நான்கோடு நிறுத்திக்கொள்ளும். இதையெல்லாம் கம்பைலர் பார்த்துக்கொள்ளும், ஆனால் அதனிடம் நாம் சொல்லியாக வேண்டும். ரஸ்ட் 1.0 வந்தது 2015 மே மாதம். தன் சொந்த இரும அமைப்பு மாறாது என்று இன்றுவரை அது வாக்குக் கொடுத்ததில்லை. இடத்தை மிச்சப்படுத்த ஸ்ட்ரக்டின் உறுப்புகளைத் தன் விருப்பப்படி மாற்றி அடுக்கவும் செய்யும். சி பிளஸ் பிளஸ் வேறு மாதிரி: ஃபங்ஷன் பெயரோடு அது வாங்கும் டைப்புகளையும் சேர்த்துப் பிசைந்து புதுப் பெயராக்கும், அந்தப் பிசைவும் எல்லாக் கம்பைலரிலும் ஒன்றுபோல இராது. அதனால்தான் வாசலில் நிற்கும் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் எக்ஸ்டெர்ன் "சி" என்ற முத்திரை, வெளியே போகும் ஒவ்வொரு ஸ்ட்ரக்டுக்கும் ரெப்ர் "சி" என்ற முத்திரை.

தமிழில் எழுதும்போது இதில் ஒரு சங்கடம் உண்டு. சோர்ஸ் மட்டத்து ஒப்பந்தமும் ஏபிஐ (API), கம்பைல் ஆன பிறகு பைட் மட்டத்தில் பொருந்தவேண்டிய ஒப்பந்தமும் ஏபிஐ (ABI). நம் எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரிகின்றன. பைண்டிங் எழுதுகிறவருக்கு இரண்டாவதுதான் உயிர். ஏனென்றால் அவர் உங்கள் ரஸ்ட் சோர்ஸைக் கம்பைல் செய்யவே போவதில்லை.

2. வாசல் சின்னதாக இருக்கட்டும். லைப்ரரிக்குள் நாற்பது டைப் இருக்கலாம், வெளியே இரண்டு தெரிந்தால் போதும். ரிச்சர்ட் ஹிப் 2000இல் வெளியிட்ட எஸ்கியூலைட்டைப் பாருங்கள். வெளியே தெரியும் ஃபங்ஷன்கள் இன்று 200க்கு மேல் இருந்தாலும் அன்றாட வேலைக்கு வேண்டியவை இரண்டு பொருள்கள்தாம்: டேட்டாபேஸ் இணைப்பு ஒன்று, தயார்செய்த எஸ்கியூஎல் வாக்கியம் ஒன்று. திற, தயார்செய், மதிப்பைக் கட்டு, ஓரடி நகர், படி, முடி, மூடு. அவ்வளவுதான். கிட்டத்தட்ட எல்லா மொழியிலும் அதற்குப் பைண்டிங் இருப்பதில் இந்த அடக்கத்துக்கும் பங்கு உண்டு.

ஜெனரிக், ட்ரெய்ட், இட்டரேட்டர் எதுவும் இந்த வாசலில் நுழையாது, முட்டி மோதாதீர்கள். முதலில் பைத்தானில் பத்து வரி எழுதிப் பாருங்கள், உங்கள் லைப்ரரியை வெளியிலிருந்து வந்த ஒருவர் எப்படிக் கூப்பிட ஆசைப்படுவாரோ அப்படி. அந்தப் பத்து வரிக்கு எத்தனை ஃபங்ஷன் வேண்டுமோ அத்தனையோடு தொடங்குங்கள். சேர்ப்பது எளிது. வெளியே போனதைத் திரும்ப வாங்குவது நடக்காத காரியம்.

3. ஸ்ட்ரக்டின் உள்ளே எட்டிப் பார்க்க யாரையும் விடாதீர்கள். பொருளை பாக்ஸில் போட்டு, அதைப் பாயிண்டராக்கி, அந்தப் பாயிண்டரை மட்டும் கொடுங்கள். வாங்குகிறவருக்கு அது ஒரு டோக்கன், அவ்வளவே. நாளைக்கு உள்ளே இரண்டு உறுப்பு கூடினாலும் வெளியில் யாருக்கும் தெரியாது.

திறந்து வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இசட்லிப் நல்ல பாடம். 1995இல் வெளிவந்த அந்தச் சுருக்கும் லைப்ரரி இன்று ஏறக்குறைய எல்லாக் கருவியிலும் இருக்கிறது. அதன் முக்கிய ஸ்ட்ரக்ட் ஹெடரில் திறந்தே கிடக்கிறது, கூப்பிடுகிறவரே அதற்கு இடம் ஒதுக்க வேண்டும். அதனால் தொடங்கும்போதே பதிப்பு எண்ணையும் ஸ்ட்ரக்டின் அளவையும் வாங்கி, இரண்டும் பொருந்துகின்றனவா என்று அது சரிபார்க்கிறது. நாம் ஃபங்ஷன் என்று நினைத்துக் கூப்பிடும் அந்தத் தொடக்கம் உண்மையில் ஒரு மேக்ரோ. மேக்ரோ ஹெடரோடு தீர்ந்துவிடும், கம்பைல் ஆன லைப்ரரிக்குள் அது கிடையாது. பைத்தானிலிருந்து தேடினால் அகப்படாது. மேக்ரோவுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும், கடைசியில் அடிக்கோடிட்ட பெயரைத்தான் பிடிக்க வேண்டும். இசட்லிப் எழுதியவர்களைக் குறை சொல்லவில்லை, அந்தக் காலத்து வழக்கம் அது. நீங்கள் இன்று எழுதுகிறீர்கள். மேக்ரோவிலும் இன்லைன் ஃபங்ஷனிலும் எந்த வேலையையும் ஒளித்து வைக்காதீர்கள்.

4. இப்போது பாத்திரம்.

எங்கள் வீட்டு எவர்சில்வர் பாத்திரம் ஒவ்வொன்றிலும் அம்மாவின் பெயர் வெட்டியிருக்கும். வாங்கும்போதே கடையில் உட்கார்ந்து வெட்டித் தருவார்கள். பக்கத்து வீட்டுக்குப் பொங்கல் போனால் அந்தத் தூக்கு திரும்பி வந்தாக வேண்டும். அவர்கள் வீட்டுக் கிண்ணம் நம் அலமாரியில் தங்கக்கூடாது. பெயர் வெட்டியிருப்பதால் குழப்பமே வராது.

மெமரிக்கும் இதுதான் விதி, ஆனால் பாயிண்டரில் பெயர் வெட்டியிருக்காது. வெட்டவேண்டியது நீங்கள், ஹெடரின் கருத்துரையில்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எழுதிய ஒரு ஃபங்ஷன், மாலாக்கில் இடம் வாங்கி, அதில் ஸ்ட்ரிங்கை எழுதித் திருப்பிக் கொடுத்தது. வாங்கியவர் தன் பக்கம் ஃப்ரீ கூப்பிட்டார். லினக்ஸில் இரண்டு வருஷம் சத்தமில்லாமல் ஓடியது. விண்டோஸுக்குக் கொண்டுபோன அன்றே விழுந்தது. லினக்ஸில் ஒரு புராசஸுக்குள் பொதுவாக ஒரே மாலாக்தான், அதனால் யார் விடுவித்தாலும் போய்ச்சேர்ந்த இடம் ஒன்று. விண்டோஸில் என் டிஎல்எல் ஒரு சி ரன்டைமோடும் அவருடைய புரோகிராம் வேறொரு ரன்டைமோடும் கட்டப்பட்டிருந்தன. என் குவியலில் எடுத்ததை அவர் தன் குவியலில் போட்டார். இரண்டு வருஷம் ஓடியதைச் சரியாக இருந்ததென்று நம்பியது என் பிழை.

எனவே, நீங்கள் உருவாக்கிக் கொடுக்கும் ஒவ்வொரு வகைக்கும் அதை விடுவிக்கும் ஃபங்ஷனையும் நீங்களே கொடுங்கள். ஸ்ட்ரிங் கொடுத்தால் ஸ்ட்ரிங்கை விடுவிக்க ஒன்று, பைட் வரிசை கொடுத்தால் அதற்கு ஒன்று. வெற்றுப் பாயிண்டரோடு கூப்பிட்டாலும் அது முறைக்காமல் திரும்பட்டும். ரஸ்ட்டின் பாக்ஸை சியின் ஃப்ரீயில் போடுவது, சில கணினிகளில் தற்செயலாக வேலை செய்தாலும், தவறு.

இன்னொரு வழி, அவர்களே பாத்திரம் கொண்டுவருவது. பஃபரையும் அதன் அளவையும் அவர் தருவார், நீங்கள் நிரப்புவீர்கள். போதவில்லையென்றால் எவ்வளவு வேண்டும் என்று சொல்லித் திருப்பி அனுப்புவீர்கள். சின்னப் பதில்களுக்கு எனக்கு இதுதான் பிடிக்கும், திருப்பித் தரவேண்டிய பாத்திரமே இல்லை.

உள்ளே வருவதற்கும் இதே கேள்வி. எஸ்கியூலைட்டில் வாக்கியத்துக்குள் ஒரு உரையைக் கட்டும் ஃபங்ஷனின் கடைசி அளபுருவைக் கவனியுங்கள். "இந்த உரை இப்படியே இருக்கும், கவலைப்படாதே" என்று சொல்ல ஒரு மதிப்பு. "நான் திரும்பியதும் இது போய்விடும், பிரதி எடுத்துக்கொள்" என்று சொல்ல இன்னொன்று. இல்லாவிட்டால் "வேலை முடிந்ததும் இதைக் கூப்பிட்டு விடுவித்துவிடு" என்று ஒரு ஃபங்ஷனையே கொடுக்கலாம். யாருடைய பாத்திரம் என்ற கேள்வியை ஃபங்ஷனின் அமைப்பிலேயே கேட்டுவிடுகிறார்கள். நான் பார்த்த வாசல்களில் இதைவிடத் தெளிவானது இல்லை.

குப்பை சேகரிக்கும் மொழிகள் எந்த வரிசையில் விடுவிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. வாக்கியம் முதலில் போகவேண்டும், இணைப்பு பிறகு என்பது உங்கள் வரிசை. ஜாவாவுக்கும் பைத்தானுக்கும் அது தெரியாது. 2012இல் எஸ்கியூலைட் 3.7.14 இதற்காகவே மூடும் ஃபங்ஷனுக்கு இரண்டாம் வடிவம் ஒன்றைச் சேர்த்தது. பாக்கி வாக்கியங்கள் இருக்கும்போதே மூடச் சொன்னால் அது மறுக்காது, கடைசி வாக்கியம் போகும்வரை காத்திருந்து பிறகு மூடிக்கொள்ளும். உங்கள் பொருள்களில் ஒன்றை ஒன்று சார்ந்திருந்தால் உள்ளே ஆர்க் வைத்து இதையே செய்யுங்கள்.

5. ஸ்ட்ரிங்கை பாயிண்டர், நீளம் என்று இரண்டாகக் கொடுங்கள், வாங்குங்கள். நீளம் என்றால் பைட் எண்ணிக்கை என்று எழுதிவையுங்கள். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது சட்டென்று புரிய வேண்டும். "தமிழ்" கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் ஐந்து குறியீடுகள். யுடிஎஃப்-8இல் 15 பைட். பைத்தானும் ஜாவாவும் ஐந்து என்று சொல்லும், ரஸ்ட் 15 என்று சொல்லும். ஆங்கிலத்தில் மட்டும் டெஸ்ட் எழுதினால் மூன்று எண்ணும் ஒன்றாகவே வரும், பிழை ஒளிந்துகொள்ளும். ஆகவே முதல் டெஸ்டைத் தமிழில் எழுதுங்கள், மொழிப்பற்றுக்காகச் சொல்லவில்லை.

சியின் பழைய முறை பூஜ்ய பைட்டில் முடிப்பது. உரைக்கு நடுவில் பூஜ்ய பைட் வந்தால் அங்கேயே வெட்டுப்படும். ரஸ்ட்டின் சிஸ்ட்ரிங் அப்படிப்பட்ட உரையை ஏற்காமல் பிழை காட்டும், அதை அன்ராப் செய்து வைக்காதீர்கள். சிஸ்ட்ரிங்கை உருவாக்கிய அதே வரியில் அதன் பாயிண்டரை மட்டும் எடுத்து மாறியில் வைத்துக்கொண்டு அடுத்த வரியில் அனுப்புவதும் புதியவர்கள் தவறாமல் விழும் குழி. வரி முடியும்போது ஸ்ட்ரிங் இறந்துவிடும், பாயிண்டர் பேயாக அலையும். இன்னும் ஒன்று: காலியான உரைக்குப் பல மொழிகள் வெற்றுப் பாயிண்டரையும் நீளம் பூஜ்யத்தையும் அனுப்பும். ரஸ்ட்டில் நீளம் பூஜ்யமானாலும் வெற்றுப் பாயிண்டரிலிருந்து ஸ்லைஸ் கட்டக்கூடாது. முதலில் சோதியுங்கள், பிறகு கட்டுங்கள்.

6. எண்களுக்கு அளவு சொல்லும் டைப்பையே பயன்படுத்துங்கள்: 32 பிட், 64 பிட் என்று. சியின் லாங் 64 பிட் லினக்ஸில் 8 பைட், 64 பிட் விண்டோஸில் 4. சார் என்பது இன்டெலில் வழக்கமாகக் குறியுள்ளது, ஆர்ம் லினக்ஸில் குறியற்றது. ஈனம் (enum) என்ற பட்டியல் டைப்பை முழு எண்ணாக வாங்கி, சரிபார்த்த பிறகே ரஸ்ட் ஈனமாக மாற்றுங்கள். பட்டியலில் இல்லாத மதிப்பு ரஸ்ட் ஈனத்துக்குள் புகுந்தால் அதற்கப்புறம் கம்பைலர் எந்த உத்தரவாதமும் தராது.

7. பேனிக் வாசலைத் தாண்டக்கூடாது. சி பிளஸ் பிளஸ் எக்ஸெப்ஷனும் அப்படியே. ரஸ்ட் 1.81 முதல், அதாவது 2024 செப்டம்பர் முதல், எக்ஸ்டெர்ன் "சி" ஃபங்ஷனுக்கு வெளியே போகப் பார்க்கும் பேனிக் புராசஸையே நிறுத்திவிடும். முன்பிருந்த தெளிவின்மையைவிட இது மேல்தான். ஆனால் அந்தப் புராசஸ் யாரோ ஒருவருடைய ஜாவா சர்வராக இருக்கும். உங்கள் ஒரு அன்ராப்புக்காக அவருடைய அத்தனை வாடிக்கையாளர்களும் வெளியே விழுவார்கள். ஒவ்வொரு வாசல் ஃபங்ஷனின் உடலையும் கேட்ச் அன்வைண்டுக்குள் வையுங்கள். திருப்பித் தருவது ஒரு பிழை எண், பதிலை அவர் கொடுத்த பாயிண்டரில் எழுதுங்கள்.

எண் போதாது, என்ன ஆயிற்று என்று வார்த்தையில் சொல்லவேண்டும். பலர் கடைசிப் பிழையை த்ரெட்டுக்கு ஒன்றாக ஒளித்துவைத்து, கேட்டால் எடுத்துத் தருகிறார்கள். நானும் வருஷக்கணக்காக அப்படித்தான் செய்தேன், கோ மொழிக்காரர் ஒருவர் வரும்வரை. கோ மொழியில் ஒரு கோரூட்டீன் இரண்டு சி அழைப்புகளுக்கு நடுவில் வேறு த்ரெட்டுக்கு மாறிவிடலாம். முதல் அழைப்பு ஒரு த்ரெட்டில் தோற்றது, "ஏன்?" என்ற கேள்வி இன்னொரு த்ரெட்டில் போய் நின்றது. அங்கே பிழையே இல்லை, அல்லது வேறு யாருடைய பிழையோ இருந்தது. எஸ்கியூலைட் பிழைச் செய்தியை இணைப்போடு கட்டிவைக்கிறது, அது பரவாயில்லை. நான் இப்போது பிழையையே ஒரு பொருளாகக் கையில் கொடுத்துவிடுகிறேன். விடுவிக்க ஒரு ஃபங்ஷன் கூடுகிறது, கூடட்டும்.

8. கால்பேக் இல்லாமல் முடியுமா என்று முதலில் யோசியுங்கள். "ஓரடி நகர்" என்று அவர் கேட்கக் கேட்க நீங்கள் ஒவ்வொன்றாகத் தருவது எல்லா மொழிக்கும் இதமானது. கால்பேக் தவிர்க்க முடியாதென்றால் கூடவே ஒரு வாய்டு பாயிண்டரையும் வாங்கி, கூப்பிடும்போது அப்படியே திருப்பிக் கொடுங்கள். அது இல்லாவிட்டால் அவர் தன் தகவலை குளோபல் மாறிகளில் வைக்க நேரும். எந்த த்ரெட்டில் கூப்பிடுவீர்கள், எதுவரை கூப்பிடுவீர்கள் என்பதை எழுதுங்கள். பைத்தானின் சிடைப்ஸில் கால்பேக் பொருளை யாரும் பிடித்துவைக்காவிட்டால் குப்பைக்குப் போய்விடும், பிறகு நீங்கள் கூப்பிடுவது காலி வீட்டை. "இனி கூப்பிட மாட்டேன்" என்று நீங்கள் சொல்லும் கணம் ஒன்று இருந்தால்தான் எதுவரை பிடித்துவைப்பது என்று அவருக்குத் தெரியும்.

9. எத்தனை அளபுரு என்று நிலையில்லாத ஃபங்ஷன்களை வெளியே வைக்காதீர்கள். கர்ல் லைப்ரரியின் விருப்பங்களை அமைக்கும் ஃபங்ஷன் அப்படிப்பட்டது, சியில் எழுத வசதி. ஆனால் ஆப்பிளின் ஆர்ம் சிப்புகளில் நிலையில்லாத அளபுருக்கள் ரெஜிஸ்டரில் போகாமல் ஸ்டாக்கில் போகின்றன. சாதாரண ஃபங்ஷனாக நினைத்துக் கட்டிய பைண்டிங் இன்டெல் மேக்கில் ஓடிவிட்டு 2020 இறுதியிலிருந்து வந்த ஆர்ம் மேக்கில் உளறும்.

10. பைட்டுக்கு ஒரு அழைப்பு என்று அமைக்காதீர்கள். வாசலைத் தாண்டுவதற்கு ஒவ்வொரு முறையும் கூலி உண்டு, மொத்தமாகக் கொடுத்து மொத்தமாக வாங்குங்கள்.

11. ரஸ்ட்டில் டெஸ்ட் எழுதிவிட்டு வாசல் சரி என்று சொல்லாதீர்கள். குறைந்தது இரண்டு வெளிமொழிகளிலிருந்து கூப்பிட்டுப் பாருங்கள், அவற்றில் ஒன்றாவது குப்பை சேகரிக்கும் மொழியாக இருக்கட்டும். ஒருமுறை சின்னக் கோப்புகளுக்கு ஒழுங்காக ஓடிய பைத்தான் பைண்டிங் பெரிய கோப்பு வந்தால் மட்டும் செத்துக்கொண்டிருந்தது. என் லைப்ரரியைத்தான் எல்லாரும் திட்டினார்கள், நானும் இரண்டு நாள் அதையே துருவினேன். 2006இல் பைத்தான் 2.5ஓடு வந்த சிடைப்ஸ், நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால், திரும்பி வருவது இன்ட் என்று எடுத்துக்கொள்ளும். இன்ட் 32 பிட். என் பாயிண்டர் 64 பிட், மேல் பாதி அங்கேயே அறுந்துபோனது. அந்தப் பழைய கணினியில் சின்ன ஒதுக்கீடுகள் கீழ் முகவரிகளில் விழுந்ததால் மேல் பாதி பூஜ்யம், வெட்டினாலும் நஷ்டமில்லை. பெரிய ஒதுக்கீடு உயரத்தில் விழுந்தது. பிழை அவர் பக்கம்தான், ஆனால் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் டைப் குறித்த ஒரு பைத்தான் கோப்பை நானே லைப்ரரியோடு கொடுத்திருந்தால் அந்த இரண்டு நாள் மிஞ்சியிருக்கும். அட்ரஸ் சானிடைசரைப் போட்டு ஓட்டுங்கள். இரண்டு முறை மூடிப் பாருங்கள், மூடாமல் விட்டும் பாருங்கள்.

12. வெளியே போன ஃபங்ஷனின் உருவத்தை மாற்றாதீர்கள். வேறு மாதிரி வேண்டுமென்றால் பக்கத்தில் வி2 என்று புதிதாக ஒன்று வையுங்கள், பழையது இருந்துவிட்டுப் போகட்டும். அசிங்கமாகத் தெரியும், தெரியட்டும். கர்ல் லைப்ரரி 2006க்குப் பிறகு தன் இரும ஒப்பந்தத்தை ஒருமுறைகூட முறித்ததில்லை. எல்லாப் பெயருக்கும் முன்னொட்டு போடுங்கள். "ஓப்பன்" என்று வெறுமனே ஒரு ஃபங்ஷனை ஏற்றுமதி செய்தால் அடுத்தவர் வீட்டு ஓப்பனோடு மோதும்.

இந்த ஒழுங்கு எவ்வளவு தூரம் தாங்கும் என்று கேட்டால் லிப்ஆர்எஸ்விஜியைக் காட்டுவேன். க்னோம் உலகின் அந்தப் படம் வரையும் லைப்ரரியை 2016 இறுதியிலிருந்து ஃபெடரிகோ மேனா கிண்டெரோ சியிலிருந்து ரஸ்ட்டுக்குத் துண்டு துண்டாக மாற்றினார். உள்ளே சுவர் சுவராக இடித்துக் கட்டினார்கள், வாசல் மட்டும் பழைய சி வாசலாகவே நின்றது.

13. கருவிகளைப் பயன்படுத்துங்கள். ரஸ்ட் கோடிலிருந்து ஹெடரை எழுதித்தர சிபைண்ட்ஜென் இருக்கிறது, கையால் எழுதினால் என்றாவது இரண்டும் பொருந்தாமல் போகும். ஜாவாக்காரருக்கு, 2024 மார்ச்சில் வந்த ஜேடிகே 22 முதல், ஜேஎன்ஐயின் அல்லல் இல்லாமல் சியைக் கூப்பிடும் வழி நிலையாகிவிட்டது. ஹெடரைக் கொடுத்தால் ஜேஎக்ஸ்ட்ராக்ட் பாக்கியைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் இந்தக் கருவிகள் டைப்பைத்தான் எழுதும். திருப்பித் தருவது யார் பாத்திரம், எதுவரை செல்லும், எந்த த்ரெட்டில் தொடலாம் என்று ஒரு கருவியும் எழுதித் தராது.

முதல் ஹெடர் தயாரானதும் எனக்கு அனுப்புங்கள். கோடைப் பார்க்க மாட்டேன், கருத்துரைகளை மட்டும் படிப்பேன். யார் விடுவிப்பது என்று எழுதாத ஒவ்வொரு பாயிண்டரையும் சிவப்பில் வட்டமிட்டுத் திருப்பி அனுப்புவேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.